வெளி வாளி

கேண்டீன் தினத்துக்கு ஒரு மணிலா அட்டை வேண்டுமாம்.
"ஐஸ்கிரீம் வரலாறு, அக்கா, பத்து வரி போதும்"
சொல்லிவிட்டுப் போனார் தமிழ்ப்பள்ளி டீச்சர்.
பஸ் நிலையத்துக்கு எதிரே
ஒரே ஒரு ஃபிரீசர் வைத்திருப்பவள் நான்.
வரலாறும் அதற்குள்தான் இருக்கும் என்று
யார் சொன்னார்களோ.

முதல் வரியில் ராஜாக்களை எழுதினேன்.
மலைப்பனியைக் குதிரையில் கொண்டுவரச் சொன்னவர்கள்,
தேன் ஊற்றித் தின்றவர்கள்.
குதிரை ஓட்டியவன் விரல்
விறைத்ததா இல்லையா, தெரியவில்லை.
அடித்துவிட்டேன்.

எங்கள் ஊருக்கு ஐஸ் ரயிலில் வந்தது.
மரத்தூளில் புதைந்து, கோணிக்குள் வியர்த்து,
ஸ்டேஷனில் இறங்கும்போது பாதியாகி,
செம்மண் சாலை தாண்டுமுன் கால்வாசியாகி
துரை பங்களாவின் பின்கட்டுக்குப் போனது.
குசினிக்கார அருளப்பன்
மரவாளி நடுவே தகரக் குவளை நிறுத்தி,
சுற்றிலும் ஐஸ், ஐஸ்மேல் கல்லுப்பு,
கைப்பிடியை ஒரு மணி நேரம் சுற்றினார்.
(சொன்னவன் அவர் பேரன்.
என்னிடம் கடன் வைத்துத் தின்கிறவன்.
பாதி பொய்யாக இருக்கலாம்.)

உப்பு என்றால் நமக்கு அட்டைக்கு.
மணிலா அட்டை இல்லை, ரத்தம் குடிக்கிற அட்டை.
இருட்டோடு பால்மரம் சீவப் போகிறவர்கள்
கணுக்காலில் தேய்த்துக்கொள்வது.
அதையே போட்டால் ஐஸ் இன்னும் குளிரும் என்பதை
அருளப்பனே நம்பவில்லை.
வாளிக்குள் கைவிட்டு
நெருப்பைத் தொட்டவர்போல் இழுத்துக்கொண்டாராம்.
உப்பு உள்ளே போகாது.
ஒரு கல் போனாலும் துரைசாணி முகம் சுளிப்பாள்.
வெளியே நின்று
உள்ளிருக்கும் பாலை இறுக்கிவிட்டுக் கரையும்.
பிறகு வாளியோடு கால்வாய் ஓரம் கவிழ்ப்பார்கள்.
கவிழ்த்த இடத்தில் புல் முளைக்காது.

இன்னொரு அட்டையும் உண்டு.
பத்து வருஷம் முன்பு, ஒரு வியாழக்கிழமை,
செம்பனைக் குலை ஏற்றும் வைரக்கண்ணு
கடை வாசலில் வந்து நின்றார்.
இந்த மண்ணிலேயே பிறந்து அறுபத்தொரு வயதில்
சிவப்பு அடையாள அட்டை போய் நீலம் வந்திருக்கிறது.
காட்டவில்லை.
சட்டைப் பையைக் கையால் பொத்தியபடி
"ஃபிரீசர்ல எத்தனை இருக்கு?"
எண்ணினேன். சோளம், பாண்டான், சிவப்பு அவரை, டுரியான்,
நூற்றுப் பன்னிரண்டு.
"எல்லாம்."

பஸ் டிரைவர் இட்ரிஸ் ரொட்டிக்குள் வைத்து மடித்துக் கடித்தார்.
நீரிழிவுக்கார கிராணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
லாட்டரி விற்கும் ஆ மோய் கேட்டாள்,
யாருக்குப் பிறந்தநாள் என்று.
"எனக்கு" என்றார் வைரக்கண்ணு.
ஒரு கை சட்டைப் பைமேல்,
ஒரு கையில் குச்சி.
முழங்கை வரை வழிந்தது. தின்ன மறந்துவிட்டார்.

பத்து வரியில் இது அடங்காது.
அட்டையைச் சுருட்டிக் கல்லாவுக்குப் பின்னால் சொருகினேன்.

பள்ளிக்கு எடுத்துப் போனது
ஐஸ், கல்லுப்பு, தேங்காய்ப்பால், சீனி,
சின்னதும் பெரியதுமாய்ப் பிளாஸ்டிக் பைகள்.
சின்னப் பையில் பாலை ஊற்றிக் கட்டி
ஐஸும் உப்பும் நிறைந்த பெரிய பைக்குள் இறக்கி
"குலுக்குங்க" என்றேன். அவ்வளவுதான் சொற்பொழிவு.
முப்பத்தொரு பிள்ளைகள்
பந்துபோல் கைமாற்றி, ஐயோ கை போச்சே என்று கத்தி,
வெள்ளைச் சட்டையில் துடைத்து, மறுபடி கை நீட்டி.
டீச்சரும் ஒருமுறை வாங்கிக் குலுக்கிவிட்டு
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.
பத்து நிமிஷத்தில் இறுகியது.
ஆளுக்கு ஒரு கரண்டிகூட வரவில்லை.
அதற்கே கைதட்டினார்கள்.

இரண்டாம் வகுப்பு நேசமணி மட்டும்
கீழே கிடந்த பெரிய பையை எடுத்து
நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா, வெளியில கரிக்குது."